எம்.ஏ. வரலாறா, மியூசியாலஜியா? சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வரலாறு பிடிக்கும், அதனால் மியூசியாலஜி படிக்கப் போகிறேன்" என்பதில்தான் பலரும் முதலில் சறுக்குகிறார்கள். வரலாற்று மாணவருக்கு வேலை ஆவணத்தோடும் வாதத்தோடும். மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியல், மாணவருக்கு வேலை பொருளோடு. ஒரு வெண்கலச் சிலை வந்தால் அளக்க வேண்டும், எடை போட வேண்டும், படம் எடுக்க வேண்டும், கண்ணில் படாத இடத்தில் எண் எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதோடு முடியாது. சிலை மேல் வெளிர் பச்சையாகப் பொடி கிளம்பினால், குளோரைடு உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அது பரவும். இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவருக்கு இந்தப் பச்சைப் பொடி அலுப்பூட்டலாம். அப்படியென்றால் எம்.ஏ. வரலாறுதான் அவருக்கு ஏற்றது.

இதற்கு நேர் எதிரான தயக்கமும் உண்டு: "நான் பி.எஸ்சி., எனக்கு எங்கே இடம் கிடைக்கும்?" 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிற்பமும் நாணயமும் மட்டுமா இருக்கின்றன? விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானுடவியல் என்று பிரிவுகள் உண்டு. வேதியியல் பாதுகாப்புக்குத் தனி ஆய்வகமும் உண்டு. வேதியியல் படித்தவர் அங்கே அந்நியர் இல்லை. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952 முதல் அருங்காட்சியகவியல் படிப்பை நடத்துகிறது. கல்கத்தா, பனாரஸ் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், காப்பாட்சியர் (அருங்காட்சியகப் பொருள்களின் பொறுப்பாளர்) பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. முன்பு வெளியிட்ட அறிவிக்கைகளை எடுத்து, எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். பட்டம் வாங்கிய பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

வரலாறு எடுப்பவர்கள் பெரிதும் கோட்டைவிடுவது மொழியில். தஞ்சை மராத்தியர் ஆட்சி மேல் ஆசை, ஆனால் அக்கால மராத்தி ஆவணங்களை எழுதிய மோடி எழுத்து தெரியாது. முற்காலப் பாண்டியர் வேண்டும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தைப் பழக நேரமில்லை. சோழர் கல்வெட்டுக்குத் தமிழ் போதும் என்று உட்கார்ந்தால் நடுவில் சமஸ்கிருதத்தை எழுதும் கிரந்த எழுத்து வந்து நிற்கும். அப்புறம் கை போவது கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைக்கு. அதில் இருப்பது ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓரிரு வரி ஆங்கிலச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தையே கல்வெட்டின் வாசகமாக மேற்கோள் காட்டிய ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மூலப் பாடம் அச்சாகவில்லை என்றால் மைப்படியை (கல்வெட்டின் மேல் தாள் வைத்து மையால் எடுத்த படியை) தேடிப் போக வேண்டும், முடியாவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டும். எழுத்துப் பயிற்சியை முதல் பருவத்திலேயே தொடங்கிவிட்டால் இந்தத் தவிப்பு வராது.

தலைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. "சோழர் காலச் சமுதாயம்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் எந்த நெறியாளரும் பெருமூச்சுதான் விடுவார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1960களில் எடுத்துக்கொண்டது திருச்சிக்குப் பக்கத்திலுள்ள இரண்டே ஊர்கள்: அல்லூர், ஈசானமங்கலம். இரண்டின் கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலத்தை யார் விற்றார்கள் என்று பார்த்தார். பிரம்மதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான, ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் விற்றார்கள். அல்லூரில் ஊரார் கூட்டாக விற்றார்கள். சோழர் கால நில உரிமை பற்றிய பேச்சையே அந்தச் சின்ன ஒப்பீடு திருப்பிப் போட்டது. உங்கள் தாலுகாவில் ஒரு கோயில், ஒரு ஏரி, ஒரு நூற்றாண்டு என்று எடுத்தாலே எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தாராளம்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் பின்னால் படுத்தும். தொலைநிலையில் படிப்பதாக இருந்தால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி நீங்கள் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் பொதுப்பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டில் வரலாறு ஒரு பாடம், அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் வேறு பாடம். விண்ணப்பிக்கும்போது பாடத்தை மாற்றிக் குறித்துவிடாதீர்கள்.