லித்தியம் மாத்திரை தொடங்கப் போகிறீர்களா? முதல் சில வாரங்களுக்கான செய்முறை

பைபோலார் (மனம் அளவுமீறி எகிறுவதும் சரிவதும் மாறி மாறி வரும் நோய்) என்று சொல்லி டாக்டர் சீட்டில் லித்தியம் கார்பனேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால் 'நச்சு', 'சிறுநீரகம்' என்றுதான் முதலில் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதியதிலிருந்து இன்றுவரை, மனம் எகிறுவதையும் சரிவதையும் தடுப்பதில் இதற்கு முன்வரிசை இடம்தான்.

ஒன்றே ஒன்று: பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. எத்தனை மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்வார். ரத்தத்தில் உள்ள அந்த அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை நம்முடையது.

படி 1: தொடங்கும் முன்

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), உப்புச்சத்துகள், கால்சியம், தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இ.சி.ஜி.யும் உண்டு. அரசு மருத்துவமனை என்றால் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், சூரணம் லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக பி.பி. மாத்திரை. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் தயசைடு வகையும் அப்படித்தான். பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த வகை அதில் கலந்திருக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 2: நேரம்

டாக்டர் சொன்ன நேரத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு. மெதுவாகக் கரையும் வகை என்றால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

படி 3: ரத்தம் கொடுக்கும் நாள்

பலர் கோட்டைவிடுகிற இடம் இதுதான். மாத்திரை தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்வார்கள். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையே 12 மணி நேரம் இருக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு லேபில் இருங்கள். காலை மாத்திரை உண்டென்றால் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும், டாக்டர் அதை நம்பி மருந்தைக் குறைப்பார்.

இன்னொன்று, லேபில் யாரும் சொல்லாதது. பச்சை மூடி போட்ட குழாய்கள் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருள் இருக்கும். அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து கணக்காகும். "லித்தியம் லெவலுக்குத்தான் எடுக்கிறீர்கள், பச்சைக் குழாய் வேண்டாம்ங்க" என்று சொல்லிவிடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

படி 4: தண்ணீரும் உப்பும்

தாகம் கூடும், குடியுங்கள். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வியர்த்து ஊற்றும்போது வெறும் தண்ணீரோடு உப்பு போட்ட நீர்மோரும் கஞ்சியும் நல்லது. தண்ணீர்கூடக் குடிக்காத விரதமோ நோன்போ இருக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். உடம்பு தேறும்வரை லித்தியத்தை நிறுத்தி வைக்கச் சொல்வதுண்டு.

படி 5: மெடிக்கலில் வாய் திறங்கள்

நம் ஊரில் மேல்வலி என்று போய் நின்றால், சீட்டு கேட்காமல் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே லித்தியம் அளவை ஏற்றும். பல்வலி, மூட்டுவலி, மாதவிடாய் வலி எதற்கும் இவற்றைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் தனியாகப் போடலாம், ஆனால் அட்டையைப் பார்த்து வாங்குங்கள், அதோடு வலி மாத்திரையைக் கலந்த வகைகளும் விற்கின்றன. பல் டாக்டர், எலும்பு டாக்டர் யாரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்பதாக இருக்கட்டும்.

படி 6: எது சாதாரணம், எது அவசரம்

விரல்களில் லேசான நடுக்கம், குமட்டல், அடிக்கடி சிறுநீர், வாயில் ஒரு உலோகச் சுவை: இவை வரலாம், அடுத்த முறை சொன்னால் போதும். தூக்கம் தூக்கமாக வந்தால் லித்தியத்தை மட்டும் திட்டாதீர்கள். இது வேலை செய்ய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும் என்பதால் கூடவே எழுதுகிற ஓலன்சபின் போன்ற மாத்திரையின் வேலையாகவும் அது இருக்கலாம்.

டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், விடாத வாந்தி பேதி, குழப்பம் என்றால் அடுத்த மாத்திரை போடாமல் நேரே மருத்துவமனை. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரியைக் காட்டி வையுங்கள், அந்த நேரத்தில் நமக்கே தெரியாமல் போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

படி 7: காலண்டர்

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். தூக்கம் குறைந்தும் அசதியே இல்லை, தலைக்குள் திட்டங்கள் ஓடுகின்றன என்றால், மனம் எகிறத் தொடங்குகிறது என்று பொருள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினால், "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு நாம் சொல்லும் "பரவாயில்லை சார்" என்பதைவிட அவருக்கு அதிகம் புரியும்.

சில மாதங்களில் 'நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு மாத்திரை' என்று தோன்றும். உறவினர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டரின் கண்காணிப்பில், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார்கள்.