ஒரே ஒரு லேப்புக்காக ஒரு கார்: டைம் அட்டாக் வண்டியைக் கட்டுவதும் டியூன் செய்வதும்

டைம் அட்டாக் என்பது கடிகாரத்தோடு மட்டும் மோதும் கார் பந்தயம்; முந்திப் போக எதிரே ஆள் கிடையாது. பிட்டிலிருந்து கிளம்பி ஒரு லேப் டயரைச் சூடேற்றுவது, அடுத்த லேப் முழு வேகம், அதற்கடுத்த லேப் வண்டியை ஆறவைப்பது. கணக்கில் வருவது அந்த நடு லேப் மட்டுமே. ஜப்பானின் சுகுபா சர்க்யூட்டில் ஒரு நிமிடத்துக்குள் சுற்றுவதை லட்சியமாக வைத்து வளர்ந்த ஆட்டம் இது. 2010 முதல் சிட்னியில் இதற்கென்றே உலக அளவிலான போட்டி நடக்கிறது. டயர், பிரேக், இன்ஜின் மூன்றும் ஒரே லேப்பில் உச்சத்துக்கு வரவேண்டும். எந்தப் பார்ட்ஸ் வாங்கினாலும் இந்தக் கணக்கை வைத்தே வாங்குங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் முதலில் டர்போவைத்தான் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆயில். செமி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைவான, பிடிப்பு அதிகமான டயர்) மாட்டியதும் வளைவில் 1 ஜி-க்கு மேல், அதாவது வண்டியின் எடையைவிட அதிகமாக, பக்கவாட்டு விசை வரும். நீண்ட வளைவில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) உள்ள ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிட, பிக்கப் குழாய் காற்றை இழுக்கும். ஓரிரு நொடி இப்படிப் போனாலே கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக்-எண்ட் பேரிங் தேயத் தொடங்கும். கம்பெனி கொடுத்த ஆயில் லைட்டை நம்ப வேண்டாம். பிரஷர் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான் அது எரியும். தனி பிரஷர் சென்சார் மாட்டி, அளவுகளைப் பதிவுசெய்யும் லாகரில் ஏற்றுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஆயில் பிரஷர் என்பது பழைய கைக்கணக்கு. நேர் ரோட்டில் 6500 ஆர்பிஎம்மில் 65 காட்டும் வண்டி, அதே ஆர்பிஎம்மில் வளைவுக்குள் 30-க்கு இறங்கினால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கதவு போல ஒரு பக்கம் மட்டும் திறக்கும் தடுப்புகள் வைத்த பேஃபிள் சம்ப் முதல் மருந்து. அதுவும் போதவில்லை என்றால் அக்யூமுலேட்டர் (பிரஷர் குறைந்தால் ஆயில் தரும் சேமிப்புக் குடுவை), கடைசியாக டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு). அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது பல இன்ஜின்களில் உதவும். அதற்கு மேல் போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். பம்புக்கு நுரையும் காற்றும் ஒன்றுதான். இன்ஜினின் ஆவி வெளியேறும் பிரீத்தர் குழாயை மறக்காமல், ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனுக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோலிலும் இதே கதைதான். எடை குறையட்டும் என்று 8 லிட்டரோடு இறங்குவோம். வளைவில் பம்ப் காற்றைக் குடிக்கும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறிய நேரத்தில் மிக்சர் லீன் ஆகி, அதாவது கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் உருகும். ஒன்றிரண்டு லிட்டர் பிடித்து எப்போதும் நிறைந்தே இருக்கும் சர்ஜ் டேங்க் ஒன்றை இடையில் வைத்தால் குறைந்த பெட்ரோலோடு பயமில்லாமல் ஓட்டலாம்.

பிரேக்கில் நிறைய பேர் சறுக்குவது பேட் தேர்வில். நீண்ட ரேஸுக்கான பேட் நன்றாகச் சூடான பிறகுதான் கடிக்கும். இங்கே வேக லேப்பின் முதல் பிரேக்கிங்கிலேயே அது கடித்தாக வேண்டும். அதனால் வெப்ப வரம்பு சற்றுக் கீழே தொடங்கும் பேட் போதும். டாட் 4 வகை பிரேக் திரவத்துக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 தான். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 300 டிகிரி தாங்கும் திரவத்தை ஊற்றி, அடிக்கடி மாற்றுங்கள். குளிர்க்காற்றுக் குழாயை டிஸ்க்கின் நடுக்கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் காற்று பட்டால் இரண்டு முகத்துக்கும் வெப்பம் வேறுபட்டு டிஸ்க் விரிசல் விடும்.

டயர்தான் மெனக்கெட வேண்டிய இடம். பல செமி ஸ்லிக்குகள் சூட்டில் 30 முதல் 33 பிஎஸ்ஐ-க்குள் நன்றாகப் பிடிக்கும். இருபது நிமிட செஷனில் 7, 8 பிஎஸ்ஐ ஏறலாம். ஒரே ஒரு சூடேற்றும் லேப்பில் 3, 4 தான் ஏறும். நீண்ட செஷன் ஓட்டும் டிராக் டே பழக்கத்தில் 24-ல் கிளம்பினால் வேக லேப்பில் டயர் தொய்வாகவே இருக்கும். எனவே 27, 28-ல் தொடங்கிப் பாருங்கள். கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) சரிபார்க்க ஊசி வகை பைரோமீட்டர் (வெப்பமானி) தேவை. அந்த ஒரு முறை மட்டும் ஆறவைக்கும் லேப் போகாமல் நேராக பிட்டுக்கு வந்து, ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் ஊசியை ரப்பருக்குள் இறக்கி எழுதுங்கள். நடுப்பகுதி அதிகச் சூடென்றால் காற்று அதிகம். வெளிவிளிம்பு அதிகச் சூடென்றால் நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. உள்விளிம்பு ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருப்பது நல்லதே. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி இதற்கு உதவாது. பிட்டுக்குள் வருவதற்குள் மேல்தோல் ஆறிவிடும்.

கேம்பர் முன்பக்கம் மைனஸ் 3 முதல் 3.5 டிகிரி, பின்பக்கம் மைனஸ் 2 முதல் 2.5, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம் அல்லது 1-2 மில்லி வெளியே, பின் டோ சற்று உள்ளே. தொடங்க இது போதும். உயரத்தைக் குறைக்கிறோம் என்று தரையோடு இறக்காதீர்கள். மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே ஏறும் அளவுக்கு இறக்கினால் ரோல் சென்டர் (வண்டி சாயும் அச்சுப் புள்ளி) கீழே போய் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடை) பார்க்கும்போது ஓட்டுநர் எடைக்குச் சமமாக சீட்டில் பாரம், ஓடப்போகும் அளவு பெட்ரோல், சாய்வைக் குறைக்கும் ஸ்வே பாரின் லிங்க் கழற்றிய நிலை, மூன்றும் வேண்டும். குறுக்கு எடை (எதிரெதிர் மூலைகளான ஒரு முன்சக்கரம், ஒரு பின்சக்கரம் சேர்ந்து தாங்கும் பங்கு) 50 சதவீதத்துக்கு வரட்டும். முன்வலது ஸ்பிரிங் இருக்கையை உயர்த்தினால் எடை முன்வலதிலும் பின்இடதிலும் சேர்ந்தே கூடும் என்பதை மனதில் வைத்துத் திருகுங்கள்.

இனி இன்ஜின் மேப். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் தொடவே வேண்டாம். முழு திராட்டிலில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு காற்று-எரிபொருள் விகிதம் 12.8 அருகில், டர்போவுக்கு 11.5 முதல் 12 வரை. இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். இக்னிஷனை (ஸ்பார்க் விழும் நேரம்) டைனோவில் (சக்தி அளக்கும் உருளை மேடை) ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றி, டார்க் (சுழல்விசை) கூடுவது நின்ற இடத்திலிருந்து 2 டிகிரி பின்வாங்குங்கள். அதற்கு முன்பே நாக் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்டால் எல்லை அதுதான். டைனோவில் பானட் திறந்து, பெரிய ஃபேன் ஓடும். பிட் வாசலில் வரிசையில் நிற்கும்போது இரண்டும் இருக்காது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், நாக் அபாயமும் கூடும். எனவே காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் இக்னிஷன் தானாகப் பின்வாங்கும்படி மேப்பில் உள்ள டேபிளை நிரப்பி வையுங்கள். எத்தனால் பெரும்பங்கு கலந்த ஈ85 எரிபொருள் நாக்கை நன்றாகத் தாங்கும். ஆனால் சுமார் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் பாயவேண்டும், பம்பும் அதற்கேற்ப வேண்டும்.

ஏரோ கடைசியில். வேகம் இரட்டித்தால் வண்டியைக் காற்று கீழே அழுத்தும் விசை நான்கு மடங்கு. பின்னால் பெரிய விங் மட்டும் மாட்டினால் வேக வளைவில் மூக்கு வெளியே போகும் (இதுதான் அண்டர்ஸ்டியர்). முன் ஸ்பிளிட்டரை (பம்பருக்கு அடியில் நீளும் தட்டு) பம்பரில் தொங்கவிடாமல் சேஸிஸோடு கட்டுங்கள். ஒரு ஆள் ஏறி நின்றால் வளையும் ஸ்பிளிட்டர் அலங்காரத்துக்கு மட்டுமே. மெதுவான வளைவில் அண்டர்ஸ்டியர் என்றால் சஸ்பென்ஷனைப் பாருங்கள். வேக வளைவில் மட்டும் என்றால் விங் கோணத்தை ஒரு டிகிரி குறையுங்கள். இரண்டையும் ஒரே செஷனில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

காற்று குளிர்ந்திருக்கும் முதல் செஷன்தான் பெரும்பாலும் நல்ல நேரம் தரும், அதைத் தவறவிடாதீர்கள். அது முடிந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஆறவைக்கும் லேப்பை பெரிய கியரில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்; சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிப் படிந்தால் அடுத்த செஷன் முழுக்க பிரேக் பிடிக்கும்போது வண்டி நடுங்கும்.