சவரத்தால் தோலுக்குள் வளரும் முடி: தடுப்பும் சிகிச்சையும்

ஒட்ட மழித்த சுருள்முடியின் கூர்நுனி வளைந்து மீண்டும் தோலுக்குள் நுழைவதால்தான் தாடையிலும் கழுத்திலும் சிவந்த கொப்புளங்கள் எழுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிகுந்தது. அதில் சோப்பு சரியாக நுரைக்காது என்பதால், ஒகேனக்கல் குடிநீர் கிடைத்தால் அதை வெதுவெதுப்பாக்கி முகத்தை நனைத்து, ஷேவிங் கிரீமைத் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, தோலை இழுத்துப் பிடிக்காமல், புது பிளேடால் முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். எதிர்த்திசையில் மழிப்பதை அறவே விட்டுவிடுங்கள். வழவழப்பு சற்றுக் குறைந்தாலும் தோல் பிழைக்கும்.

கொப்புளம் வந்துவிட்டால், அது ஆறும்வரை சவரத்தை நிறுத்தி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாள்தோறும் சில முறை, 10 முதல் 15 நிமிடங்கள் ஒற்றடம் கொடுங்கள். நகத்தாலோ ஊசியாலோ தோண்டினால் தழும்பு நிலைத்துவிடலாம். சீழ் கட்டினாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, மருந்துக் கடையில் நீங்களாகவே களிம்பு வாங்கிப் பூசாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.