ஓவியரோடு குடித்தனம்: நல்லெண்ணத்தில் செய்யும் பிழைகள்

என் மனைவி ஓவியர். நான் கணக்குப் பார்க்கிறவன். கலியாணமான புதிதில் நான் செய்த முதலாவது பிழை, விறாந்தை மேசையைத் துப்புரவாக்கியது. வர்ணம் காய்ந்து ஒட்டிய தட்டோடு கிடந்த மூன்று பூவரசம் இலைகளையும் குப்பையென்று எண்ணிக் கூட்டி அள்ளிவிட்டேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று துருப்பிடித்த நிறம். ஒரு கிழமையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. அவர் கோபிக்காமல் வளவுக்குள் இறங்கி மறுபடி தேடத் தொடங்கியதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அன்றிலிருந்து, கேட்டாலன்றி அந்த மேசையில் நான் கை வைப்பதில்லை.

வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்று கொள்வது அடுத்த பிழை. காஸ் சிலிண்டர் மாற்றுவது, மின்கட்டணம் கட்டுவது, சொந்தக்காரரின் கலியாணவீட்டுக்கு முன்னரே போய் உதவுவது எல்லாம் ஓவியரின் தலையிலேயே விழுகின்றன. அவர் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரமும் வேலைதான் என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் காலை ஆறு முதல் ஏழரை வரை குசினி என் பொறுப்பு. தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

பாராட்டிலும் பிழை உண்டு. எதைக் காட்டினாலும் "வடிவாயிருக்கு" என்று சொல்வது பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. ஒருமுறை, "இந்த மூலையை ஏன் வெறுமையாய் விட்டனீர்?" என்று கேட்டேன். "அதிலைதான் வெயில் நிக்குது" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே அந்த மூலையைத் திருத்த உட்கார்ந்தார். "இதுக்கு எவ்வளவு தருவினம்?" என்ற கேள்வியை வேலை முடியும் முன் கேட்காதீர்கள், விருந்தினர் கேட்டால் பேச்சை மாற்றுங்கள்.

வடக்கு யன்னல் வெளிச்சமே ஓவியருக்கு உகந்தது என்று கேள்விப்பட்டு மேசையை அங்கே நகர்த்தியதும் நான்தான். அந்த விதி குளிர்நாடுகளுக்கு உரியது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் பின்னேரத்திலும் வெயில் அந்த யன்னலால் நேரே தாளில் விழும். பழைய வேட்டித்துண்டு ஒன்றைத் திரையாகக் கட்டிய பிறகே நீர்வர்ணம் காயுமுன் கலக்க முடிந்தது.

வர்ண வேலைக்குரிய டர்பன்டைனைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது; எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது இலகுவாகக் கீழே இறங்கித் தண்ணீரில் சேரும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது எழும் சூட்டில் தானாகவே தீப்பற்றக் கூடும். விரித்துக் காயவிட வேண்டும்.

ஒக்டோபரில் மழை தொடங்குமுன் ஓவியங்களை வெளிச்சுவரிலிருந்து கழற்றி உள்ளறைக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை தள்ளிப்போட்டு, இரண்டு தாள்களைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்தோம். 1995 ஒக்டோபர் 30 இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு இடம்பெயர்ந்தபோது மனைவி விட்டுவந்த சிறுவயதுக் கொப்பிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் இப்போது முடிந்த ஒவ்வொரு படத்தையும் நான் புகைப்படம் எடுத்து வைக்கிறேன். பின்பக்கத்தில் திகதியை அவர் எழுதுகிறார்.