பழைய எடிட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது எப்படி? கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஏழெட்டு வருடமாக ஓடும் டெஸ்க்டாப்பில் ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போய் "எடிட்டிங்குக்கு ஒரு நல்ல சிஸ்டம் போடுங்க" என்றால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதில் நல்லதைத்தான் போடுவார். நம் கேமரா என்ன ஃபைல் தருகிறது, நாம் எந்த மென்பொருளில் வேலை செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அதை நாம்தான் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். 2017 வாக்கில் நம் ஊர்களில் நிறைய விற்ற அமைப்பு இது: இன்டெல் ஐ5-7400 பிராசசர், எச்110 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 கார்டு. உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், வழிமுறை ஒன்றுதான்.

படி 1: எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

வழக்கமாக உங்களைக் கடுப்பேற்றும் வேலை ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பெரிய ஆல்பம் ஷீட்டாக இருக்கலாம், மூன்று கேமரா டைம்லைனாக இருக்கலாம். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய், பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, டிஸ்க்கும் 100-இலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் ரேம் பற்றவில்லை. சிஸ்டம் ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ரேம் பாதி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 என்றால் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் தடை. போட்டோஷாப் திறக்க ஒரு நிமிடம், லைட்ரூமில் அடுத்த படத்துக்குப் போக இழுவை எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

வீடியோவுக்கு இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்று ஒரு தனி வரைபடம் இருக்கும். டைம்லைனை ஓடவிடுங்கள். அது பூஜ்யத்தில் கிடக்க, பிராசசர் 100-ஐத் தொட்டுப் படம் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால், உங்கள் கேமரா ஃபைலைத் திறக்கும் தனி வன்பொருள் அந்த சிஸ்டத்தில் இல்லை. முழுச் சுமையும் பிராசசர் தலையில். (நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலேயே ஹார்டுவேர் டீகோடிங் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் செட்டிங்ஸில் பாருங்கள்.) இதற்கு ரேம் போட்டாலும் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாலும் பெரிய மாற்றம் வராது. வீண் செலவு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

கூடவே இரண்டு சின்ன வேலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று காட்டினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். அடுத்து கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, பிராசசர் கூலருக்கு அடியில் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். சூடு தாங்காமல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிராசசர் இதிலேயே பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

படி 2: கேமரா தரும் ஃபைலைப் பாருங்கள்

போட்டோ மட்டும் செய்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். வீடியோக்காரர்களுக்கு முடிவையே தீர்மானிப்பது இதுதான்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் கேமரா கிளிப் ஒன்றைத் திறந்து மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபார்மட், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை, எச்.264-ஆ (அதில் ஏவிசி என்று காட்டும்), எச்.265-ஆ (எச்இவிசி)? பிட் டெப்த் 8-ஆ, 10-ஆ? குரோமா சப்சாம்ப்ளிங் 4:2:0-ஆ, 4:2:2-ஆ?

4:2:0-இல் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் பதிவாகும். 4:2:2-இல் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. நிறம் திருத்த 4:2:2 நல்லது, பட்டுப்புடவைச் சிவப்பு வெடிக்காமல் நிற்கும். ஆனால் திறக்கக் கடினம். சோனி ஏ7எஸ் 3, ஏ7 4, கேனன் ஆர்6 போன்ற கேமராக்கள் வந்த பிறகு, எச்.265, 10 பிட், 4:2:2 ஆகிய மூன்றும் சேர்ந்த ஃபைல் கல்யாண மண்டபங்களில் சகஜமாகிவிட்டது. இந்த ஃபைலை என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை எதுவும் வன்பொருளில் திறக்காது. விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090 கூட! ஆனால் 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ், குவிக் சிங்க் என்ற வசதியால், இதைத் திறந்துவிடும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் திறக்கும்.

ஆகவே இன்டெல் வாங்கும்போது பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். ஐ5-12400 வேறு, ஐ5-12400எஃப் வேறு. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. "தனியா கார்டு போடுறோமே, எஃப் போதும், விலையும் குறையும்" என்று கடையில் சொல்வார்கள். விளையாட்டுக்கு அது சரி. 4:2:2 வீடியோ எடிட் செய்கிறவருக்கு அந்தச் சேமிப்பு வேண்டவே வேண்டாம்.

எட்டு பிட் எச்.264 தரும் பழைய கேமராதான் இன்னும் உங்களிடம் என்றால் இந்தக் கவலை இல்லை. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் கேமரா மாற்றும் எண்ணம் இருந்தால், அந்தக் கேமராவின் ஃபைலை நண்பரிடம் வாங்கி இதே சோதனையைச் செய்யுங்கள்.

படி 3: விண்டோஸ் எதுவரை?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறக்குறைய இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும் வேண்டும். நம் உதாரண ஐ5-7400 7-ஆம் தலைமுறை என்பதால் ஒரு தலைமுறையில் தவறிவிடுகிறது. இணையத்தில் இருந்து ஃபைல் இறக்கி, வாடிக்கையாளரின் பென் டிரைவையும் செருகும் சிஸ்டத்தை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று நுழைந்தால் போவது ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள். அவற்றை மறுபடி எடுக்க முடியாது.

படி 4: நான்கு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

*கொஞ்சம் மேம்படுத்தி ஓட்டுவது.* படி 1-இல் ரேம் அல்லது டிஸ்க்தான் தடை என்று தெரிந்து, விண்டோஸ் 11-உம் ஏற்குமானால் இதுவே போதும். மொத்தம் 16 ஜிபி ரேமும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும். நல்ல ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி தரும் இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை தருகிறது. அதைவிட முக்கியம், சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுப்பதில் ஹார்டு டிஸ்க் அதன் பக்கத்திலேயே வர முடியாது. வீடியோ திணறுகிறது, பணமும் இப்போது இல்லை என்றால் பிராக்ஸி இருக்கிறது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் ஒரிஜினலுக்குப் பதில் சின்ன அளவு நகலை உருவாக்கி வெட்டி முடித்து, கடைசியில் ஒரிஜினலிலேயே ரெண்டர் எடுக்கலாம். இரவு படுக்கும் முன் பிராக்ஸி போட்டுவிட்டால் காலையில் தயார். ஒரு சீசனைத் தாராளமாகக் கடத்தலாம்.

*உள்ளே மட்டும் மாற்றுவது.* கேபினெட், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு போர்டு, பிராசசர், தேவைப்பட்டால் ரேம் மட்டும் மாற்றுவது. நம் உதாரண சிஸ்டத்துக்கு நான் சொல்வது இதுதான். 2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை ஏறிவிட்டது. 12-ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு டிடிஆர்4 போர்டுகளும் உண்டு என்பதால் உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 ரேம் வீணாகாது. எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கம்பெனி தயாரித்து விற்ற சின்ன அலுவலக டெஸ்க்டாப்பாக இருந்தால் மட்டும் இந்த வழி பெரும்பாலும் அடைபடும். அவற்றின் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தனி அளவில் இருக்கும்.

*முழுசாகப் புதிது.* எல்லாமே பழையது, வீடியோவே முக்கிய வருமானம் என்றால் இதுதான். 4கே வேலைக்கு அடோபி சொல்லும் 32 ஜிபி ரேமை அடிப்படையாக வையுங்கள். விண்டோஸும் மென்பொருளும் ஒரு என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டியில், ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் இன்னொன்றில், முடிந்தவை ஹார்டு டிஸ்க்கில். ரிசால்வும் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸும் கிராஃபிக்ஸ் கார்டை நன்றாக உழைக்க வைக்கும் என்பதால் 8 ஜிபி கார்டுக்குக் குறைய வேண்டாம்.

*மேக் மினி.* 2024-இல் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமுடன் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 4:2:2 வீடியோவை அலுங்காமல் ஓட்டும், மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸில் ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகளை மேக் படிக்கும், எழுதாது. எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் மேக்கில் கிடையாது. நம் ஊர்க் கல்யாண எடிட்டர்கள் பலருக்கு கையும் கண்ணும் பழகியது எடியஸ்தான், அதனால் அவர்களுக்கு இந்த வழி இல்லை. குவிக் சிங்க் உள்ள இன்டெல்லே அவர்களுக்குப் பொருத்தம்.

படி 5: பழைய சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பலர் தவறவிடும் படி இது. லைசன்ஸ் வாங்கிய மென்பொருள்கள், பிளகின்கள், டாங்கிள் (லைசன்ஸுக்காகச் செருகும் யுஎஸ்பி சாவி), போட்டோ பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். பழைய பிரிண்டருக்கு டிரைவர் இல்லை என்று தெரிந்தால் அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்துருக்களை மறக்கவே கூடாது. பழைய பத்திரிகை, ஆல்பம் பிஎஸ்டிகளில் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துரு இருந்தால், அது புதிய சிஸ்டத்தில் இல்லாமல் ஃபைலைத் திறந்து எழுத்தைத் திருத்தும்போது மணமக்கள் பெயர் எல்லாம் கிறுக்கலாகிவிடும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகலெடுத்து வையுங்கள்.

படி 6: தாளோடு கடைக்குப் போங்கள்

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, பாகங்களை மாடல் பெயரோடு எழுதிக்கொண்டு குறைந்தது இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். "16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி" என்ற பில் போதாது. மாடலும் சீரியல் எண்ணும் இருந்தால்தான் வாரண்டிக்கு உதவும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள். யுபிஎஸ்ஸையும் பாருங்கள்: வழக்கமான 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டோடு ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது கைவிட்டுவிடும்.

படி 7: மாற்றும் நேரம்

முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ மாற்றுங்கள். கையில் டெலிவரி நிலுவை இருக்கும்போது சிஸ்டத்தைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, நகலில் இருந்து சில ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகுதான் பழையதைப் பிரிக்க வேண்டும். புதியதில் ஒரு முழுக் கல்யாண வேலையை ஆல்பம், வீடியோ, பிரிண்ட் என்று கடைசி வரை செய்து முடிக்கும்வரை பழைய சிஸ்டம் ஓரமாக இருக்கட்டும். அதை விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விற்றுவிடுங்கள். வாடிக்கையாளர் குடும்பங்களின் படங்கள் அதில் இருக்கின்றன, ஃபார்மட் செய்தாலும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு.