ஏரியா பசங்களுக்கு ஃபுட்பால் கிளப்: ஒரே ஆள் தலையில கட்டாம நடத்துறது எப்படி

கடலூர், பாண்டி பக்கம் காலைல ஆறு மணிக்கு எந்த கிரவுண்டுக்குப் போனாலும் ஒரு அண்ணன் விசிலோட நின்னு இருபது முப்பது பசங்களுக்கு பந்து சொல்லிக்குடுத்துட்டு இருப்பாரு, மஞ்சக்குப்பமா இருக்கலாம், தேவனாம்பட்டினம் பீச் மணலா இருக்கலாம், லாஸ்பேட்டையா இருக்கலாம், உப்பளமா இருக்கலாம். பந்து அவரு காசு, கோன் அவரு காசு, பசங்க வீட்டு நம்பர் எல்லாம் அவரு போன்ல. அவருக்கு சென்னைல வேலை கெடச்சாலோ சிங்கப்பூர் போனாலோ மூணே மாசத்துல டீம் காணாம போயிடும், பசங்க திரும்ப மொபைல்ல உக்காந்துடுவாங்க. அந்த அண்ணனுங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா அவங்க செய்யற நல்லது அவங்களோடயே நின்னுடக்கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதுறேன். யாரு போனாலும் அடுத்த ஞாயித்துக்கெழமை ப்ராக்டிஸ் நடக்கணும், கிளப்ப அப்படி அமைக்கணும்.

அதனால மொத வேலை ஆள் சேக்கறது. ஏழு பேர் வேணும், ஏன் ஏழுன்னா சங்கமா பதிவு பண்ண கொறஞ்சது ஏழு பேர் கையெழுத்து போடணும், தமிழ்நாட்டுலயும் அதான் பாண்டிலயும் அதான். ஏழு பேரும் ஃபுட்பால் ஆடுனவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல, பாதிப் பேர் ஆடாதவங்களா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா ஆடுனவங்க எல்லாரும் கோச்சிங் பண்ணத்தான் வருவாங்க, ரசீது எழுத யாரும் வர மாட்டாங்க. பசங்கள பைக்ல கொண்டுவந்து விட்டுட்டு ஓரமா நிக்குற அப்பா அம்மாங்கதான் உங்க ஆளுங்க. அவங்ககிட்ட போய் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க சார்"னு பொதுவா கேட்டா சிரிச்சுட்டு போயிடுவாங்க. "அக்கா, நீங்க பேங்க்ல இருக்கீங்க, மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் கணக்கு எழுதித் தர முடியுமா, ஒரு வருஷத்துக்கு மட்டும்"னு வேலையையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்க, முக்கால்வாசி பேர் சரின்னுதான் சொல்லுவாங்க.

தலைவர், செயலாளர், பொருளாளர் இந்த மூணு எப்பவும் இருக்கறதுதான், அது போக கிரவுண்டு பாக்க ஒருத்தர், பந்து ஜெர்சி சாமான் பாக்க ஒருத்தர், பசங்க பேர் வயசு பதிவுக்கு ஒருத்தர், குழந்தைங்க பாதுகாப்புக்குன்னு தனியா ஒருத்தர். கடைசியா சொன்னவர் கோச்சா இருக்கக்கூடாது. தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டு ஆளா இருக்கக்கூடாது, மாமன் மச்சானாவும் வேண்டாம், அவங்க நல்லவங்களாவே இருந்தாலும் ஊர் பேசும், பேசுனா கிளப் ஒடையும்.

பதிவு பத்தி சுருக்கமா. கடலூர்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல. பாண்டின்னா 1860ஆம் வருஷத்து மத்திய சட்டம், அங்க உள்ள பதிவாளர்கிட்ட. தமிழ்நாட்டு சட்டத்துல கமிட்டியோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, திரும்ப தேர்ந்தெடுத்துக்கலாம். வருஷா வருஷம் நிர்வாகிங்க லிஸ்ட தாக்கல் பண்ணணும், இத மறந்துட்டு நாலஞ்சு வருஷம் கழிச்சு ஏதாவது உதவித்தொகை கேக்கப் போறப்பதான் பல சங்கங்களுக்கு ஞாபகம் வருது, அதனால செயலாளர் போன்ல இன்னிக்கே ரிமைண்டர் போட்டுடுங்க. எடுத்த எடுப்புல பதிவு பண்ணியே ஆகணுமான்னா, ஒரு சீசன் ஆடிப் பாத்துட்டு பண்ணலாம்னுதான் நான் சொல்லுவேன், ஆனா விதிகள மொத மாசமே எழுதிடுங்க, பேப்பர்ல, தமிழ்ல, எல்லா பெத்தவங்களுக்கும் புரியற மாதிரி.

என்ன எழுதணும்? யாரெல்லாம் உறுப்பினர், ஓட்டு யாருக்கு (குடும்பத்துக்கு ஒரு ஓட்டுன்னு வெச்சா சண்டை கம்மி), கூட்டத்துக்கு எத்தன பேர் வந்தா முடிவு செல்லும், எவ்ளோ ரூபாய்க்கு மேல செலவுன்னா கமிட்டி ஒத்துக்கணும், ஒருத்தர நீக்கணும்னா எப்படி, அவரு தரப்ப கேக்காம நீக்க முடியாதுன்னு ஒரு வரி. அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல கைதூக்கி எமோஜி போட்டது எல்லாம் தீர்மானம் ஆகாதுன்னு கண்டிப்பா எழுதுங்க. மாசம் ஒரு தடவ நேர்ல உக்காந்து, மினிட் நோட்டுல தேதி போட்டு, என்ன முடிவு, யார் செய்யணும், எப்பக்குள்ளன்னு மூணு வரி எழுதி வந்தவங்க எல்லாரும் கையெழுத்து போட்டா போதும். டீக்கடை பெஞ்சுல உக்காந்து கூட நடத்தலாம், நோட்டு மட்டும் இருக்கணும்.

காசு. இதுல வழவழான்னு இருந்தா எல்லாம் போச்சு. பொருளாளரோட சொந்த ஜிபே நம்பருக்கு ஃபீஸ் வாங்காதீங்க, சங்கம் பேர்ல பான் கார்டு எடுத்து பேங்க் அக்கவுண்டு தொறந்து, ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாதான் காசு எடுக்க முடியும்னு வெச்சுக்கோங்க. நாப்பது பசங்க மாசம் இருநூறு தராங்கன்னு வெச்சுக்கலாம், காகிதத்துல எட்டாயிரம் வரும், கையில அவ்ளோ வராது, ஏன்னா மீன்பிடித் தடைக்காலம் நடக்குற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் போட்டுக்குப் போற குடும்பங்களுக்கு வருமானமே இருக்காது, தேவனாம்பட்டினம் சோனங்குப்பம் பக்கத்து பசங்க உங்ககிட்ட ஆடுனா அந்த ரெண்டு மாச ஃபீஸ கணக்குலயே சேக்காம பட்ஜெட் போடுங்க. கட்ட முடியாதவங்க பேரு பொருளாளருக்கும் இன்னொருத்தருக்கும் மட்டும்தான் தெரியணும். கிரவுண்டுல எல்லார் முன்னாடியும் "டேய் உங்கப்பா ஃபீஸ் கட்டலடா"ன்னு ஒரு தடவ சொன்னா போதும், அந்தப் பையன் திரும்ப வரவே மாட்டான். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரவு செலவ ஒரு பக்கத்துல எழுதி குரூப்ல போட்டுடுங்க, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே.

இப்ப ஆட்டத்துக்கு வருவோம். இது அகாடமி இல்ல, பசங்க சந்தோஷமா ஆட வர்ற கிளப், அத நீங்க மறந்தாலும் விதி மறக்கக்கூடாது. அதனால வர்ற ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மேட்ச்லயும் கொறஞ்சது பாதி நேரம் ஆடணும், ஃபைனலா இருந்தாலும் சரி. இத எழுதி வெக்கலன்னா மொத டோர்னமென்ட்லயே கோச்சுக்கு ஜெயிக்கற ஆச வந்து குண்டா இருக்குற பையனும் புதுசா வந்த பொண்ணும் தண்ணி பாட்டில் தூக்கிட்டு நிப்பாங்க, நான் பாத்த அழுகையில பாதி அங்கதான். ஃபுட்பால் சட்டத்துலயே சின்னப் பசங்களுக்கு கிரவுண்டு அளவு, பந்து, ஆட்ட நேரம் எல்லாம் மாத்திக்கலாம்னு எடம் குடுத்திருக்காங்க, வெளிய போன பிள்ளை திரும்ப உள்ள வரலாம்ன்றதும் அதுல இருக்கு, தாராளமா பயன்படுத்துங்க. இந்திய ஃபுட்பாலோட தலைமை அமைப்பான ஏஐஎஃப்எஃப் 2018ல சின்னப் பசங்களுக்குன்னு கொண்டுவந்த கோல்டன் பேபி லீக்கும் இதே வழியிலதான் நடந்துச்சு, 12 வயசு வரைக்கும் சின்ன கிரவுண்டு, கொஞ்சம் பேர், நெறைய தடவ பந்து கால்ல படணும். பந்து 8 வயசுக்குள்ளன்னா சைஸ் 3, அப்புறம் 12 வரைக்கும் சைஸ் 4, அதுக்கு மேலதான் சைஸ் 5. சைஸ் 5 பந்து 410லேருந்து 450 கிராம் வரைக்கும் இருக்கும், அத எட்டு வயசு பிள்ளைகிட்ட குடுத்து ஹெட் அடிக்கச் சொல்லாதீங்க.

வயசுக்கு பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் வாங்கிடுங்க, பையனோட உயரத்த பாத்து முடிவு பண்ணாதீங்க. இன்னொன்னு, நம்ம பக்கம் எல்லை பக்கத்து பக்கத்துல, தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடி பையனும் பாண்டி கன்னியக்கோயில் பொண்ணும் ஒரே கிளப்ல ஆடலாம், ஆனா நாளைக்கு ஸ்டேட் செலக்‌ஷன்னு வந்தா தமிழ்நாட்டுக்கு ஒரு ஃபுட்பால் சங்கம், பாண்டிக்கு வேற சங்கம், சேரும்போதே பெத்தவங்களுக்கு இத சொல்லிடுங்க.

பாதுகாப்புல ரெண்டு விதமா இருக்கு, மொதல்ல பெருசு. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோட தனியா இருக்கக்கூடாது, பைக்ல தனியா கூட்டிட்டு போறது, சாமான் ரூம்ல தனியா பேசறது, ராத்திரி தனியா மெசேஜ் பண்றது எதுவும் கூடாது, எவ்ளோ நல்ல கோச்சா இருந்தாலும். பிள்ளைக்கு மெசேஜ் போகணும்னா அம்மாவோ அப்பாவோ இருக்குற குரூப்ல போகட்டும். ஏதாவது தப்பு நடந்ததா ஒரு பிள்ளை சொன்னாலோ சந்தேகம் வந்தாலோ கமிட்டி கூடி பஞ்சாயத்து பண்றது, கோச்ச கூப்ட்டு விசாரிக்கறது, "கிளப் பேரு கெட்டுடும், வெளிய சொல்லாதீங்க"ன்றது இதெல்லாம் செய்யவே கூடாது. போக்சோ சட்டம் 2012 படி தெரிஞ்ச ஒவ்வொருத்தரும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா அதுவே தண்டனைக்குரிய குத்தம், நிறுவனத்த நடத்துறவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. குழந்தைங்க உதவிக்கு கூப்பிடற 1098 நம்பர பெரிய எழுத்துல எழுதி பசங்க கண்ணுல படுற எடத்துல ஒட்டுங்க, அது எதுக்குன்னு ப்ராக்டிஸ் முடிஞ்சதும் உக்கார வெச்சு சொல்லிக்குடுங்க.

அடுத்தது உடம்பு. தூக்கி வெக்கற இரும்பு கோல் போஸ்ட் இருந்தா பின்னாடி மணல் மூட்டை போட்டு கட்டாம ப்ராக்டிஸ் ஆரம்பிக்காதீங்க, பசங்க குறுக்கு பைப்ல தொங்குவாங்க, கவுந்தா உயிர் போயிடும், வெளிநாடுகள்ல அப்படி செத்த பிள்ளைங்க இருக்காங்க. நம்ம கடல் காத்துல வெல்டிங் சீக்கிரம் துரு ஏறி உள்ளுக்குள்ளயே அரிச்சுடும், மேல பெயிண்டு நல்லா இருக்கறத நம்பாதீங்க, மாசம் ஒருக்கா ஆட்டிப் பாருங்க. தலையில அடி பட்ட பிள்ளை அன்னிக்கு திரும்ப எறங்கக்கூடாது, "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா"ன்னு அழுதாலும் கூடாது. கத்திரி வெயில்ல காலைல ஆறுலேருந்து ஏழரை வரைக்கும் போதும், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நெழல்ல தண்ணி, ஓஆர்எஸ் பாக்கெட் எப்பவும் பையில. இடி சத்தம் கேட்டா எல்லாரும் கட்டடத்துக்குள்ள, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய. ஐப்பசி கார்த்திகைல கிரவுண்டு சேறா கெடக்கும், அப்ப சீசன் வெக்காதீங்க, ஏதாவது ஸ்கூல் ஹால் கேட்டு வாரம் ஒருநாள் பந்து தட்ட விடுங்க, டோர்னமென்ட் எல்லாம் பொங்கலுக்கு அப்புறம். மார்ச்ல எக்ஸாம் வந்துடும், ஆக உங்களுக்கு கெடைக்கறது ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும், அப்புறம் ஜூன் பாதிலேருந்து செப்டம்பர் வரைக்கும்.

பொண்ணுங்கள சேக்காத கிளப்ப கடலூர்ல நடத்துறது எனக்கு ஏத்துக்கவே முடியாத விஷயம். இந்தியாவுக்கு ஆடுன இந்துமதி கதிரேசன் கடலூர் பொண்ணு, தமிழ்நாடு போலீஸ்ல எஸ்ஐ, இத விட பெருசா பெத்தவங்ககிட்ட என்ன சொல்லணும். ஆனா பேர சொன்னா மட்டும் பொண்ணுங்க வந்துட மாட்டாங்க. கிரவுண்டுக்கு பக்கத்துல பூட்டு போட்ட சுத்தமான டாய்லெட் இருக்கணும், ஒரு பொம்பள வாலன்டியர் எப்பவும் இருக்கணும், இருட்டறதுக்கு முன்னாடி முடிக்கணும், ட்ராக் பேன்ட் போட்டு ஆடறேன்னா ஆடட்டும், ஷார்ட்ஸ் போட்டாதான்னு அடம் பிடிக்காதீங்க. பொண்ணுங்களோட அம்மாங்க ரெண்டு பேர் கமிட்டிக்குள்ள வந்துட்டா இதெல்லாம் நீங்க சொல்லாமலே நடந்துடும்.

ஸ்பான்சர் வரும்போது கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேணும். ஏரியா பிரமுகர் முப்பது ஜெர்சி தரேன்பாரு, முதுகுல அவரு போட்டோ, கட்சி சின்னம் இருக்கணும்பாரு. வேண்டாம். அடுத்த தேர்தல்ல வேற பக்கம் ஓட்டு போடற வீட்டுப் பிள்ளைங்க அன்னியோட நின்னுடுவாங்க. கட்சிக்கொடி, சாதிப் பேரு, சாமி படம் எதுவும் ஜெர்சில வராதுன்னு விதிலயே இருந்தா "எங்க ரூல்ஸ்ல இல்லண்ணே, பந்து வாங்கித் தாங்க, விழா நடக்கும்போது நன்றி சொல்றோம்"னு மரியாதையா சொல்லிட்டு வந்துடலாம், உங்க மேல அவருக்கு கோவமும் வராது. மளிகைக்கடை, மெடிக்கல், டியூஷன் சென்டர் இவங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா வாங்குறதுதான் நிம்மதி.

சண்டை வரும். முக்காவாசி சண்டை கோச்சோட சொந்தப் பையன் பத்திதான் இருக்கும், இல்லன்னா ஓரத்துல நின்னு கத்துற ஒரு அப்பா பத்தி. டீம் பிரிக்கறப்ப கோச்சு தன் பிள்ளை பேர் வரும்போது வெளிய நிக்கணும், மத்தவங்க முடிவு பண்ணட்டும். கோட்டுலேருந்து ரெண்டு மீட்டர் தள்ளி கயிறு கட்டி பெத்தவங்கள அதுக்கு வெளிய நிக்க சொல்லுங்க, ரெஃப்ரி பத்தி பேசணும்னா மறுநாள் செயலாளர்கிட்ட, மேட்ச் நடக்குறப்ப வாய் தொறக்கக்கூடாது. நெறைய எடத்துல ரெஃப்ரியே பதினேழு வயசுப் பையனா இருப்பான், அவன அழ வெச்சா அடுத்த வாரம் விசில் ஊத ஆள் கெடைக்காது. மொத தடவ பேசி சொல்லுங்க, ரெண்டாவது தடவ எழுத்துல, மூணாவது தடவ அவரு நாலு வாரம் கிரவுண்டுக்கு வரக்கூடாது, பிள்ளை மட்டும் வரலாம். பெரியவங்க செய்யறதுக்கு பிள்ளைய நிறுத்தாதீங்க.

கடைசியா கைமாத்துறது. கிளப்புக்குன்னு தனி ஜிமெயில் ஐடி, அதுலயே விதிகள், பசங்க பதிவு, கணக்கு, மினிட் நோட்டு போட்டோ எல்லாம் ஏத்தி வெச்சுடுங்க, 2015 வெள்ளத்துலயும் 2024 ஃபெஞ்சல் புயல்லயும் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தத பாத்த ஊரு நம்ம ஊரு, பீரோ அடித்தட்டுல ஒரே ஒரு ஃபைல நம்பி இருக்க முடியாது. பாஸ்வேர்டு மூணு பேருக்கு தெரியணும், வாட்ஸ்அப் குரூப்புக்கு மூணு அட்மின், சாமான் ரூமுக்கு ரெண்டு சாவி ரெண்டு வேற வீட்டுல. பிள்ளைங்க விவரத்த வேற யாருக்கும் அனுப்பாதீங்க. ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்துல ஒரு துணை ஆள வெச்சு, அடுத்த பொதுக்குழுவுக்கு மூணு மாசம் முன்னாடியே அவங்கள வேலை செய்ய விட்டு, பழைய ஆள் கூட மட்டும் நிக்கட்டும். கோச்சு யாராவது ஏஐஎஃப்எஃப் தர்ற டி லைசென்ஸ்ன்ற கோச்சிங் சான்றிதழ் படிக்கறேன்னா கிளப் காசுல பாதி ஃபீஸ் கட்டுங்க, திரும்பி வந்து வாலன்டியர் ரெண்டு பேருக்கு சொல்லிக்குடுக்கணும்னு மினிட் நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கிட்டு.