கண்ணை மூடிக்கொண்டு டைரக்‌ஷன் படிப்பது எப்படி

டப்பிங் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு பேராவது மூன்றாம் மாதம் தனியாக வந்து நிற்பார்கள். "அக்கா, உண்மையைச் சொன்னா எனக்கு டைரக்‌ஷன்தான் ஆசை." குரல் பழகுவது சும்மா நுழைவதற்கு ஒரு வாசல் என்று நினைப்பு. நான் கோபப்படுவதில்லை. கேமரா, லென்ஸ் என்று பாடம் எடுப்பதும் இல்லை, எனக்கு அது தெரியாது. ஒரு வாரம் வில்லியம் கான்ராட்டோடு இருந்துவிட்டு வரச் சொல்வேன்.

யார் அவர்? அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1920இல் பிறந்து 1994இல் இறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானி, பிறகு வானொலி நடிகர், சினிமாவில் அடியாள், பின்னர் தொலைக்காட்சி இயக்குநர். சிபிஎஸ் வானொலியில் 1952 ஏப்ரல் 26 அன்று 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் நாடகத் தொடர் தொடங்கியபோது, அதன் நாயகனான காவல் அதிகாரி மார்ஷல் மேட் டில்லனின் குரல் இவருடையது. 1961 ஜூன் வரை அந்தக் குரல் மாறவில்லை. ஆனால் 1955இல் அதே கதை தொலைக்காட்சிக்குப் போனபோது, ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸை டில்லனாக நிறுத்தினார்கள். கான்ராட் குள்ளம், பருமன். அவரோடு வானொலியில் நடித்த பார்லி பேர், ஹோவர்ட் மெக்னியர், ஜார்ஜியா எல்லிஸ் மூவருக்கும்கூட அவரவர் பழைய வேடம் கிடைக்கவில்லை. ஆறு வருஷம் ஒரே மார்ஷலுக்கு வானொலியில் ஒரு தொண்டை, திரையில் வேறோர் உடம்பு!

1963இல் கான்ராட் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தை இயக்கப் போனார். தனக்குக் கிடைக்காத வேடத்தில் நிற்கும் ஆளிடம், எங்கே நிற்கணும், எப்போது திரும்பணும் என்று சொல்லும் வேலை. அந்த இடத்துக்கு அவர் வந்த வழியைத்தான் நீங்கள் காதால் நடந்து பார்க்கப் போகிறீர்கள்.

தேவையானவை: ஹெட்போன், கோடு போடாத தாள் பத்து, பென்சில், அழிப்பான். பழைய வானொலி நாடகங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் குவிந்து கிடக்கின்றன. வானொலிக்கும் டிவிக்கும் தொடரின் பெயர் ஒன்றுதான் என்பதால் ஆடியோவா என்று பார்த்து எடுங்கள்.    

முதல் நாள், 'எஸ்கேப்' என்ற வானொலி நாடக வரிசையில் 1948 ஜனவரியில் ஒலிபரப்பான 'லைனிங்கன் வெர்சஸ் தி ஆன்ட்ஸ்'. பிரேசிலில் ஒரு தோட்டக்காரரும், அவர் நிலத்தை நோக்கிப் படையாக வரும் எறும்புகளும். அமெரிக்க உச்சரிப்பு புரியவில்லை என்று பாதியில் நிறுத்தாதீர்கள். புரியாமல் கேட்பது முதல் தடவைக்கு நல்லதுதான். விளக்கை அணைத்துவிட்டு, குரல் எப்போது வேகம் எடுக்கிறது, எப்போது மூச்சு மட்டும் மிஞ்சுகிறது என்று மட்டும் கேளுங்கள். கண்ணால் பார்த்தால் எறும்பு ஒரு எறும்புதான். அரை மணி நேரம் அதை யானையாக்கி வைத்திருப்பது அந்தத் தொண்டை.

இரண்டாம் நாள் தாளை எடுங்கள். இதை அவசரமாகச் செய்தால் மிச்ச வாரம் வீண்.

'கன்ஸ்மோக்' வானொலியில் 1952 டிசம்பரில் வந்த 'தி கேபின்' அத்தியாயத்தைப் போடுங்கள். பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே அவர் எதிர்பார்க்காத ஆட்கள். தாளின் நடுவில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள், அதுதான் மைக். ஒவ்வொரு குரலும் வட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புள்ளி வையுங்கள். ஆள் நகர்ந்தால் அம்புக்குறி. காலடிச் சத்தம் மரப்பலகையிலா, மண்ணிலா என்று ஓரத்தில் எழுதுங்கள். கதவு எங்கே? அதற்கு ஒரு கோடு. யாரும் பேசாத இடங்களில் வாய்க்குள் எண்ணி, எத்தனை எண்ணிக்கை மௌனம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் மௌனத்துக்குக் கஞ்சத்தனமே கிடையாது.

மூன்று முறை கேட்டு முடித்தால் கையில் ஒரு தரைப்படம் இருக்கும். மைக்கை ஒட்டிப் பேசினால் குளோசப். இரண்டடி பின்னால் போனால் ஆள் முழுசாகத் தெரிகிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் முதுகு. கேமரா இல்லாமலே ஷாட் பிரித்து வைத்திருக்கிறார்கள்!

இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகமில்லை. முதல் வானொலி நாடகத்தில் எனக்கு ஒரே ஒரு வசனம்: "யாரது?" நான்கு முறை திருப்பிச் சொல்லவைத்தார்கள். குரலை ஏற்றினேன், இறக்கினேன், நடுங்கவைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் பொறுமையாக, "அம்மா, கதவு எந்தப் பக்கம் இருக்குன்னு உனக்கே தெரியல. அப்புறம் யாரைக் கேக்கிற?" என்றார். அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் கைக்கு வந்தால் முதலில் கதவைத்தான் தேடுகிறேன்.

மூன்றாம் நாள் அதே 'தி கேபின்' டிவியில், 1958இல் வந்தது. தரைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் குடிசை பெரியதா, அவர்களுடையதா? எனக்கு என்னுடையதுதான் பெரியது. குளிரும் அதிகம்.

நான்காம் நாள் கான்ராட்டின் முகம். 1946இல் வந்த 'தி கில்லர்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சி மட்டும் போதும். இரண்டு கொலையாளிகள் சாப்பாட்டுக் கடைக்குள் வருகிறார்கள், கான்ராட்டும் சார்ல்ஸ் மெக்ராவும். கேட்ட சாப்பாடு ஆறு மணிக்குத்தான் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். அதற்குப் பிறகு சத்தமே போடாமல் அந்த இருவரும் கடையைத் தங்கள் கைக்குள் கொண்டுவருவதைப் பாருங்கள். முதலில் படத்தை மறைத்துக் கேட்டு, அப்புறம் ஒலியை அணைத்துப் பாருங்கள். எது பயமுறுத்துகிறது என்று எழுதி வையுங்கள். என் மாணவர்களில் பாதிப் பேர் முதலாவது என்கிறார்கள், பாதிப் பேர் இரண்டாவது. சண்டைக்கு நல்ல விஷயம்.

ஐந்தாம் நாள் ஓய்வு. வேண்டுமானால் 'தி ஃப்யூஜிட்டிவ்' என்ற டிவி தொடரின் அத்தியாயம் ஒன்றின் தொடக்கத்தில் அவர் கதை சொல்வதைக் கேளுங்கள்.

ஆறாம் நாள் இயக்குநர் கான்ராட். 1963 செப்டம்பரில் தொடங்கி '77 சன்செட் ஸ்ட்ரிப்' டிவி தொடரில் ஐந்து பகுதிகளாக வந்த கதையை இவர்தான் இயக்கினார். 1965இல் வார்னர் நிறுவனத்துக்கு மூன்று சினிமாவும் எடுத்தார். அந்தப் படங்களைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து, வாரம் போதாது. 'கன்ஸ்மோக்' இரண்டை எடுங்கள்: 1963இன் 'பனேசியா சைக்ஸ்', கறுப்பு வெள்ளை. 1971இன் 'கேப்டன் ஸ்லைகோ', வண்ணம்.

இரண்டையும் முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பழைய வட்டம், புள்ளி, அம்புக்குறி, அதே விளையாட்டு. பிறகு திரையைப் போட்டு, உங்கள் புள்ளிகள் நடிகர்கள் நிற்கும் இடத்தோடு எங்கெங்கே பொருந்துகின்றன என்று டிக் அடியுங்கள். பொருந்தாத இடத்தில்தான் பாடம் இருக்கிறது. அங்கே கண்ணுக்காக ஒரு முடிவு எடுத்திருக்கிறார். ஆர்னஸ் பேசாமல் நிற்கும் நொடிகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். வானொலியில் கான்ராட் விட்ட மௌனத்தோடு ஒப்பிட உங்களிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதே.

ஒன்று கவனம். வானொலியில் நடித்ததால்தான் இப்படி இயக்கினார் என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். படப்பிடிப்புத் தளத்தில் ஒளிப்பதிவாளர், எடிட்டர், நேரம், பட்ஜெட் எல்லாம் கையை வைக்கும். எதைக் கேட்டோம், எதைப் பார்த்தோம் என்ற அளவில் நிறுத்துங்கள்.

ஏழாம் நாள் செய்முறை. வீட்டில் மூன்று பேரைப் பிடியுங்கள், பாட்டி இருந்தால் விசேஷம். போனைச் சமையலறை மேடையில் வையுங்கள், அதுதான் மைக். ஐந்து நிமிடக் காட்சி: ஒருவர் உள்ளே வருகிறார், இன்னொருவருக்கு அது பிடிக்கவில்லை. "பிடிக்கவில்லை" என்ற சொல் வசனத்தில் வரக்கூடாது. ஸ்கிரிப்ட் தாள்களை பின் அடிக்காமல் தனித்தனியாக வையுங்கள். புரட்டினால் சரசரப்பு பதிவாகிவிடும். குக்கர் விசில் வந்தால் வரட்டும், அது எந்த வசனத்துக்குப் பின்னால் வர வேண்டும் என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

பதிவை எனக்குக் கொண்டுவரும்போது தரைப்படத்தைக் காட்டாதீர்கள். நான் கேட்டுவிட்டு ஒரு தாளில் கதவை வரைவேன். உங்கள் கதவும் அதே பக்கம் இருந்தால், ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்த்துவிட போன் செய்கிறேன்.